உஷாராணியும் அவள் டைரக்டரும்

கையுறைத் தொழிற்சாலையில் உஷாராணிக்கு ஓட்டை கண்டுபிடிக்கும் வேலை. மலேசியாவில் கிள்ளானுக்கு வடக்கே, மேருவில் இருந்தது அந்தத் தொழிற்சாலை. காற்றடைத்து விரல் விரித்து நிற்கும் ரப்பர் கையுறைகள் அவள் முன்னால் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். ஊசி முனை அளவுக்குத் துவாரம் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. புதிதாக வேலைக்கு வரும் பெண்களை முதல் வாரம் அவள் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்கள்.

அதனால்தான் தன் கண்ணிலேயே கோளாறு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தள்ளுவண்டி பக்கவாட்டில் வந்து இடித்தபோது வண்டி தள்ளியவனைத் திட்டினாள். கதவு நிலையில் தோள் மோதியபோது தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகையில் சாலையோரம் நின்றிருந்த வேனில் உரசி விழுந்தாள். முழங்கை எலும்பு தெறித்தது. எதிரே இருந்த சாலை துல்லியமாகத் தெரிந்ததாம். அவ்வளவு பெரிய வெள்ளை வேன்தான் தெரியவில்லை.

கையைக் காட்டப் போன மருத்துவமனையில் கண்ணைப் பார்க்கச் சொன்னார்கள். கண் அழுத்த நோய். வலியில்லாமல் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தின்றுகொண்டே வந்திருக்கிறது. சொட்டு மருந்து போட்டார்கள். அறுவை சிகிச்சை செய்தார்கள். நோய் நிற்கவில்லை. நாற்பது வயது ஆவதற்குள், விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்பதை மட்டும்தான் அந்தக் கண்களால் சொல்ல முடிந்தது.

அவள் கணவன் விமலன் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுபவன். பருத்த உடம்பு, மெல்லிய குரல். மனைவிக்குப் பார்வை போனதும் அவன் வீட்டையே கையில் எடுத்துக்கொண்டான். காலையில் சோறு வடித்து, சாம்பாரைத் தனியாக மூடி வைத்து, அவள் நடக்கும் வழியிலிருந்த நாற்காலிகளை எல்லாம் சுவரோரம் ஒதுக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். மத்தியானம் போன் செய்து, "சாப்பிட்டியா? அடுப்புப் பக்கம் போகாத உஷா" என்பான். சாயங்காலம் அவள் முகம் வாடியிருந்தால், "எல்லாம் சரியாயிடும். புதுசா மருந்து வருதாம்" என்பான்.

புது மருந்து எதுவும் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவன் அவ்வளவு ஆசையாகச் சொல்வதால் பேசாமல் இருந்துவிடுவாள். அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் வானொலி கேட்டுக்கொண்டு உட்கார்ந்தே இரண்டு தீபாவளிகள் போய்விட்டன.

அந்த வானொலியில்தான் ஒரு நாள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றோருக்குப் பயிற்சி தரும் நிலையத்தைப் பற்றிச் சொன்னார்கள். விமலன் அப்போது பினாங்குக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்தான். அவன் வரும்வரை காத்திருந்தால் 'அப்புறம் பார்க்கலாம்' என்றுதான் சொல்வான். உஷாராணி போனிடம் வாயால் சொல்லித் தகவல் சேவையை அழைத்து, எண் வாங்கி, தானே அழைத்துப் பேர் கொடுத்துவிட்டாள்.

முதல் நாள் விமலன் லீவு போட்டுவிட்டு அவளோடு ரயிலில் போனான். கையை விடவே இல்லை. நிலையத்து அம்மா ஒருவர் அவனிடம் மரியாதையாகச் சொன்னார்: "அண்ணே, நீங்க கீழ போய் ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வாங்க. சாயங்காலம் வந்தா போதும்."

வெள்ளைக் கோலோடு பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதைகளில் நடக்க அவள் அங்கேதான் கற்றாள். மேடு தட்டிய மஞ்சள் ஓடுகளைப் பாதம் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஓடுகள் மேலேயே மோட்டார்களை நிறுத்துகிறவர்களையும், பூமாலைக் கடைக்காரர்களின் வாளிகளையும் கோல் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வாரத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்தாள். கடைக்காரி கோபப்படவில்லை, கோபப்படாததுதான் உஷாராணிக்குச் சங்கடமாக இருந்தது. இரண்டாம் முறை கவிழ்த்தபோது, "அக்கா, பார்த்து வாங்கலா" என்று அவள் சலித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இருவரும் நல்ல சிநேகிதிகள் ஆனார்கள்.

பேசும் கணினியில் தேறியதும் பங்சாரில் ஒரு அழைப்பு மையத்தில் வேலை கிடைத்தது. அவள் பிரிவுக்கு மேற்பார்வையாளன் நிர்மலன். பிறவியிலேயே பார்வையில்லாதவன், பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை, அவளைவிட ஏழெட்டு வயது இளையவன். வாய் ஓயாது. ஒரு வெள்ளிக்கிழமை, "அக்கா, சனிக்கிழமை என்ன பண்றீங்க? லான் பௌல்ஸ் ஆட வாங்களேன்" என்றான்.

"அது என்ன?"

"பந்து உருட்டுறது. புல்வெளில."

"கண்ணு தெரியாம எங்க உருட்டுறது?"

"அதைச் சொல்லத்தான் டைரக்டர் இருக்காங்க."

வீட்டில் வந்து டைரக்டர் என்றதும் விமலன் சினிமாவோ என்று பயந்துவிட்டான். சனிக்கிழமை திடலுக்கு வந்து பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. நீண்ட புல்தளத்தின் ஒரு கோடியில் ஆடுகிறவர் நிற்பார். மறுகோடியில் ஜாக் என்று சொல்லப்படும் சிறிய வெள்ளைப் பந்து கிடக்கும். அதற்கு எவ்வளவு நெருக்கமாகத் தன் பந்தைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பதுதான் ஆட்டம். பார்வையில்லாதவர்களுக்குக் கண்ணாக ஒருவர் ஜாக் பக்கத்தில் நிற்கலாம். ஒவ்வொரு உருட்டலுக்குப் பிறகும் பந்து எங்கே நின்றது என்று கடிகார முள் கணக்கில் அவர் குரல் கொடுப்பார். பன்னிரண்டு மணி என்றால் பந்து ஜாக்கைத் தாண்டிப் போய்விட்டது. ஆறு மணி என்றால் வந்து சேரவில்லை. மூன்று மணி வலப்பக்கம், ஒன்பது மணி இடப்பக்கம். அதோடு தூரமும் சொல்வார். அவர்தான் டைரக்டர்.

உஷாராணியின் கையில் ஒரு பந்தை வைத்தார்கள். தேங்காய் போலக் கனத்தது. இரண்டு பக்கமும் வட்டம் செதுக்கியிருந்தது. ஒன்று சிறியது, ஒன்று பெரியது. சிறிய வட்டம் இருக்கும் பக்கமாகத்தான் பந்து வளைந்து ஓடும் என்று நிர்மலன் சொன்னான். அவள் விரலால் அந்த வட்டத்தை இரண்டு மூன்று முறை சுற்றித் தடவிப் பார்த்தாள். குனிந்து உருட்டினாள். காலடியில் மழை பெய்து காய்ந்த புல்லின் வாசனை. பந்து ஓடும் சத்தம் வர வரக் குறைந்து, நின்றது.

"அஞ்சு மணி, நாலடி" என்று எங்கோ தூரத்திலிருந்து யாரோ சொன்னார்கள்.

அவள் மனதுக்குள் அந்த இடம் பளிச்சென்று தெரிந்தது. கண்ணிருந்த நாளில் கையுறையின் துவாரம் தெரிந்த மாதிரி. அடுத்த பந்தைக் கேட்டு வாங்கினாள்.

ஆட்டம் அவளைப் பிடித்துக்கொண்டது. விமலனையும் விடவில்லை. நாற்பதடி கொள்கலனைப் பின்னோக்கி ஓட்டிப் போய்ச் சந்துக்குள் நிறுத்துகிறவன். தூரத்தைக் கண்ணாலேயே அளந்துவிடுவான். அவளுக்கு அவனே டைரக்டர் ஆனான். பயிற்சியில் நன்றாகத்தான் போயிற்று. சிலாங்கூர் மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டியில் அரையிறுதி வரை வந்துவிட்டாள்.

அந்த அரையிறுதியில் எதுவோ சரியில்லை. "ஆறு மணி, ஓரடி" என்றான் விமலன். அவள் கொஞ்சம் வேகம் கூட்டினாள். "ஆறு மணி, முக்கால் அடி. கிட்ட வந்துட்ட, உஷா." இன்னும் கொஞ்சம் கூட்டினாள். ஒவ்வொரு சுற்றிலும் கிட்ட வந்துகொண்டேதான் இருந்தாள். புள்ளிகள் எல்லாம் எதிராளிக்கே போயின. சுற்று முடிந்து மறுகோடிக்கு நடந்தபோது, எதிர்பார்க்காத இடத்தில் அவள் காலணியில் ஒரு பந்து இடித்தது.

"இது யாரோடது?"

"உன்னோடதுதான்" என்றான் விமலன்.

அங்கிருந்து ஜாக் எவ்வளவு தூரம் என்று அவள் கேட்கவில்லை. நடந்து போனாள். இரண்டு எட்டு வைத்த பிறகுதான் ஜாக் காலில் தட்டுப்பட்டது. மீதி ஆட்டத்தை ஆடி முடித்து, தோற்று, எதிராளிக்குக் கை கொடுத்துவிட்டு வந்து காரில் ஏறினாள்.

ஃபெடரல் நெடுஞ்சாலையில் கிள்ளான் பக்கம் வண்டிகள் அசையாமல் நின்றன. உஷாராணி கேட்டாள். "எத்தனை பந்து ஓரடில நின்னுச்சு?"

விமலன் வானொலியை அணைத்தான்.

"ஒண்ணாவது நின்னுச்சா?"

"மூணடி, நாலடின்னு சொன்னா உன் முகம் வாடிடுது உஷா. அதைப் பார்க்க முடியல."

"என் முகத்தை நீங்க ஏன் பார்க்குறீங்க? நான் பந்தைப் பார்க்கணும். அதை உங்க கண்ணு வழியாத்தான் பார்க்கணும்."

"தெரியுதுலா."

"தெரியல. நீங்க லோரிய ரிவர்ஸ் எடுக்குறப்ப பின்னால நிக்கிறவன், அண்ணன் மனசு கஷ்டப்படுமேன்னு இன்னும் இடம் இருக்குன்னு சொன்னா என்ன ஆகும்?"

"சுவத்துல போய் இடிக்கும்."

"நான் இன்னிக்குப் பூரா சுவத்துல இடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்." சற்று நிறுத்தி, மெதுவாகச் சொன்னாள்: "டாக்டர் சொன்னதையும் நீங்க இப்படித்தான் குறைச்சுச் சொன்னீங்க. புது மருந்து வருதுன்னு. எனக்கு அப்பவே தெரியும். நீங்க சொல்லட்டும்னு காத்திருந்தேன்."

வண்டிகள் நகரத் தொடங்கின; அவன் கியர் மாற்றினான். 

அடுத்த சனிக்கிழமை அவள் நிர்மலனின் டைரக்டரான குருவைத் தனக்கும் குரல் கொடுக்கச் சொன்னாள். குரு பள்ளிக்கூட ஆசிரியர், கறார் பேர்வழி. விமலன் அவளைத் திடலில் இறக்கிவிட்டு, தூரத்தில் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான். அவளுக்கு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தான்.

"ஆறு மணி, அஞ்சடி. மோசம்" என்று குரு கத்தினார்.

விமலன் பாதி எழுந்துவிட்டான். உஷாராணி தலையை ஆட்டினாள், துணியால் கையைத் துடைத்தாள், அடுத்த பந்தை எடுத்தாள். அது ஒன்றரை அடியில் போய் நின்றது. மூன்றாவது பந்து ஜாக்கைத் தொட்டது. வாடும் என்று அவன் பயந்த அந்த முகம், 'மோசம்' என்று கேட்டபோது கூர்மையாகி, வேலையில் இறங்கிவிட்டது. கையுறை பார்க்கிற காலத்தில் இருந்த அதே முகம். அதை அவன் எவ்வளவோ காலமாகப் பார்க்கவில்லை.

சில வாரங்கள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தான். ஒரு நாள் பயிற்சி முடிந்து அவள் பந்துகளைப் பையில் போடும்போது பக்கத்தில் வந்து நின்றான். "என்னைத் திரும்பச் சேர்த்துக்குவியா?"

"பொய் சொன்னா அன்னிக்கே வேலை போயிடும்."

"சரி."

"வீட்லயும்தான்."

"வீட்லயுமா?" என்று அவன் கேட்ட விதத்தில் பக்கத்திலிருந்த நிர்மலன் சிரித்துவிட்டான்.

அன்றைக்கு ராத்திரி அவள் சமைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "புளி ஜாஸ்தி" என்றான் விமலன். அவளை மறுபடியும் அடுப்புப் பக்கம் விட்டிருந்ததே பெரிய சங்கதி. மறுநாள் புளியைக் குறைத்தாள். நாற்காலிகள் சுவரோரத்திலிருந்து மேசைக்குத் திரும்பின. அவள் தனியாக லிட்டில் இந்தியாவுக்குப் போய்ப் புடவை எடுத்து வந்த அன்று, "கலர் நல்லால்ல. கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றான். திரும்பப் போய்ச் சண்டை போட்டு மாற்றிக்கொண்டு வந்தாள்.

மறு வருஷம் மாநில அணியில் இடம் கிடைத்தது. தேசியப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. மூன்று ஆட்டங்களை வென்று பெண்கள் ஒற்றையர் இறுதிக்கு வந்தாள் உஷாராணி. எதிரே கிழக்கு மலேசியாவின் கூச்சிங்கிலிருந்து வந்த மார்க்கிரட். இபான் பழங்குடி இனத்துப் பெண், ஐம்பது வயதுக்காரர், பல வருஷமாகத் தோற்றதே இல்லாதவர். ஆட்டத்துக்கு முன்னால் உஷாராணியின் கையைப் பிடித்துக் குலுக்கியபோது அந்த உள்ளங்கை மரப்பலகை மாதிரி இருந்தது.

இருபத்தொரு புள்ளியை முதலில் எட்டுகிறவருக்கு வெற்றி. தொடக்கத்தில் மார்க்கிரட் வெகுவாக முந்திவிட்டார். பந்துகள் ஜாக்கைச் சுற்றி வந்து உட்கார்ந்தன. பத்துக்கு மூன்று என்று நிற்கும்போது மழை பிடித்தது. எல்லோரும் கூரைக்கடியில் ஒதுங்கினார்கள்.

"எப்படி ஆடுறேன்?" என்று கேட்டாள்.

"நல்லா ஆடல. முன்கையில வலப்பக்கம் உருட்டுறதெல்லாம் அகலமாப் போகுது. பின்கையில இடப்பக்கம் உருட்டுறது பரவால்ல." கொஞ்சம் யோசித்து விமலன் மேலும் சொன்னான். "மழை விட்டதும் புல்லு தண்ணி குடிச்சிருக்கும். பந்து ஓடாது. ரெண்டு பேருக்குமே குறையும். யாரு முதல்ல சரி பண்றாங்களோ அவங்களுக்குத்தான்."

மழை விட்டது. உஷாராணி பின்கையில் மட்டும் ஆடினாள். முதல் பந்து, "ஆறு மணி, ஆறடி." அவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிந்ததும் அடுத்த பந்தைத் தோளிலிருந்து தள்ளினாள். "ஏழு மணி, ஓரடி." இந்த முறை ஓரடி என்றால் ஓரடிதான். மார்க்கிரட் ஈரப் புல்லைப் புரிந்துகொள்வதற்குள் அவள் புள்ளிகளைப் பொறுக்கிக்கொண்டே வந்தாள். பதினாறுக்குப் பதினான்கு. பிறகு பத்தொன்பதுக்குப் பதினெட்டு. மார்க்கிரட்டுக்கு இன்னும் இரண்டு புள்ளி போதும். அவளுக்கு மூன்று வேண்டும்.

அடுத்த சுற்றில் மார்க்கிரட் தன் முழுத் திறமையையும் காட்டினார். ஆளுக்கு நான்கு பந்துகள்; தன் நான்கையும் ஆடி முடித்தபோது அவருடைய இரண்டு பந்துகள் ஜாக்குக்கு இரண்டு பக்கமும் காவல் மாதிரி நின்றன. அப்படியே விட்டால் அந்த இரண்டும் இரண்டு புள்ளி, ஆட்டம் முடிந்தது. உஷாராணியிடம் ஒரே ஒரு பந்து மிச்சம் இருந்தது.

"முழுசாச் சொல்லுங்க" என்று குரல் கொடுத்தாள்.

"அவங்களுது மூணு மணி, நாலு அங்குலம். ஒம்பது மணி, அஞ்சு அங்குலம். மத்த ரெண்டும் குறைஞ்சு, ஓரமா தூரத்துல நிக்குது. உன்னோட முதல் பந்து ஏழு மணி, மூணடி, வழிய மறைக்கல. இரண்டாவது பன்னிரண்டு மணி, நாலடி தாண்டிப் போச்சு. மூணாவது அதுக்குப் பக்கத்துலயே. இப்ப எதுவும் உனக்குப் புள்ளி இல்ல." எதையும் குறைக்காமல் மேலும் சொன்னான். "மெதுவா உருட்டினா வளைஞ்சு வந்து அவங்க பந்துல இடிச்சிடும், உஷா."

அவள் நின்று யோசித்தாள். ஜாக்குக்குப் பின்னால் தாண்டிப் போய்விட்ட தன் இரண்டு பந்துகள். ஜாக்கை இழுத்துக்கொண்டு அங்கே போக முடிந்தால்?

"நடுவுல எவ்ளோ வழி இருக்கு?"

"பந்து ஒண்ணு போகலாம். உரசாம போனாத்தான்."

"ஜாக்குக்குப் பின்னால வேற ஏதாச்சும் நிக்குதா?"

"உன்னோடதைத் தவிர ஒண்ணுமில்ல."

வேகமாக அடிக்கிற அந்த ஆட்டத்தைப் பயிற்சியில் மட்டும்தான் முயன்றிருந்தாள். பாதிக்கு மேல் தவறியிருக்கிறது. சிறிய வட்டத்தை விரலால் தேடி உட்பக்கம் வைத்துக்கொண்டாள். மூச்சை இழுத்து, குனிந்து, முழு பலத்தோடு விட்டாள்.

ஈரப் புல்லில் பந்து சீறிக்கொண்டு போனது. பிறகு 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். திடல் முழுவதும் அடங்கிப் போயிற்று. 

"சொல்லுங்க."

"இரு. ஜாக் ஓடுது."

"எங்க?"

"பின்னால. பின்னாலதான் போகுது. உன் பந்தும் கூடவே போகுது." அவன் இப்போது அழுகிறான் என்பது குரலில் தெரிந்தது. "நின்னிடுச்சு. மூணு பந்து சுத்தி நிக்குது. மூணும் உன்னோடது."

நடுவர் வந்து பார்த்து மூன்று என்று அறிவித்தார். உஷாராணி கைதட்டலுக்குள் நடந்து மறுகோடிக்குப் போனாள். மண்டியிட்டு உட்கார்ந்து, ஈரப் புல்லில் கையை ஓட்டினாள். ஜாக் கையில் பட்டது. அதைச் சுற்றி ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு பந்தையும் உள்ளங்கையால் மூடிப் பார்த்தாள். எல்லாம் தன்னுடையவைதான். எழுந்திருக்க மனமில்லாமல் அங்கேயே இருந்து சிரித்தாள். விமலன் அவள் பக்கத்தில் அந்தப் பெரிய உடம்போடு உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தான்.

மார்க்கிரட் தன் டைரக்டரோடு வந்து அவளைக் கட்டிக்கொண்டார். "தாஹுன் டெப்பான் சாயா பாலாஸ்" என்றார். அடுத்த வருஷம் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அர்த்தம்.

"வாங்க அக்கா, காத்திருக்கேன்" என்று மலாயில் பதில் சொன்னாள் உஷாராணி.

அந்தத் தங்கப் பதக்கம் அவளைத் தேசிய அணிக்குக் கொண்டுபோயிற்று. அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவில் நடந்த அனைத்துலகப் போட்டியில் மலேசியாவுக்காக ஆடினாள். ஒற்றையரில் கால் இறுதியோடு முடிந்தது. ஆனால் கலப்பு இரட்டையரில் அவளும் நிர்மலனும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே இறுதிவரை போய் வெள்ளி வாங்கினார்கள். அழைப்பு மையத்தில் மேற்பார்வையாளரும் ஊழியருமாக இருந்தவர்கள் மேடையில் தோளோடு தோள் நின்றார்கள். கீழே விமலனும் குருவும்.

கொடிகள் ஏறும்போது நிர்மலன் கீழ்ப்பக்கம் குனிந்து கேட்டான். "அண்ணே, நம்ம கொடி ஏறுதா?"

"ஏறுது."

"எவ்ளோ உசரம்?" என்றாள் உஷாராணி.

"ஆஸ்திரேலியாக் கொடிக்கு ரெண்டடி கீழ."

"ரெண்டடிதானே. பிடிச்சிடலாம்" என்றாள் அவள்.

மேடையிலிருந்து இறங்கியதும் நிர்மலன் தனக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் வேண்டும் என்று அடம் பிடித்தான். அந்த ஊரில் அது எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டே, கழுத்தில் பதக்கம் ஆட, நான்கு பேரும் கடைத்தெருப் பக்கம் நடந்தார்கள்.